கையெழுத்துக்கு மேல் ஒரு வார்த்தை

தம்பி,

உறையைப் பிரித்ததும் திகைத்துப் போயிருப்பாய், அப்பாவுக்குத் தமிழில் எழுத வருமா என்று. எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது. உனக்கு நான் எழுதிய கடிதங்களில் ஒன்றுகூடத் தமிழில் இல்லை. எங்கள் ஆபீசில் எவனும் பெற்ற பிள்ளைக்குத் தமிழில் எழுத மாட்டான். பெண்டாட்டிக்கும் அக்கா தங்கைக்கும் தமிழ், மகனுக்கு இங்கிலீஷ். பையனைப் படிக்க வைத்துவிட்டோம் என்பதற்கு அது ஓர் அத்தாட்சி போல. அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் இப்போது தமிழுக்கு வந்திருக்கிறேன். நான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன், கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதே. கிழிப்பதாக இருந்தாலும் இந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கிழி. வருகிற வெள்ளிக்கிழமை சாயந்திரம், மதராஸிலிருந்து வரும் வண்டியில், உன் அம்மா நாக்பூர் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறாள்.

எதிர்வீட்டு டீச்சரம்மா இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு காசிக்குப் போகிறார். அந்தக் கூட்டத்தோடு அம்மாவும் புறப்படுகிறாள். ஆனால் காசிக்கு இல்லை. வழியில் உன் ஊரில் இறங்கிக்கொண்டு, அவர்கள் திரும்பி வரும்வரை உன்னோடு இருக்கப் போகிறாள். "காசிக்குன்னு கிளம்பிட்டுப் பாதியில இறங்குறீங்களே" என்று டீச்சரம்மா கேட்டதற்கு, "எனக்கு அதுதாங்க காசி" என்று சொல்லிவிட்டாள். நீயும் நானும் நான்கு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. மாதம் தவறாமல் நீ இரண்டு கடிதம் எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படி நினைக்க வைத்தவன் நான். இதைத் தந்தியில் சொல்லலாமா என்று தபாலாபீஸ் வரைக்கும் போய் நின்றேன். தந்திக் காகிதத்தில் என்னவென்று எழுதுவது? திரும்பி வந்துவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ ஆறாம் வகுப்பு முடித்த கோடை லீவில் உன்னை வையம்பட்டியில் மாமா வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். வாரம் ஒரு கடிதம் இங்கிலீஷில் எழுத வேண்டும் என்பது என் உத்தரவு. எழுதினாய். கிணற்றில் நீந்தக் கற்றுக்கொண்டதாக, மாமா வீட்டு எருமை கன்று போட்டதாக, தெரிந்த பத்து வார்த்தையை வைத்துக்கொண்டு எழுதியிருந்தாய். கீழே ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ என்று போட்டு, இனிஷியலோடு உன் பெயர். அதற்கு நான் பதில் எழுதவில்லை. சிவப்பு மையில் அந்த வார்த்தையை அடித்து, மேலே ‘அஃபெக்‌ஷனேட்லி’ என்று எழுதி, இன்னும் ஆறேழு இடத்தில் சுழித்து, உறையில் போட்டு உனக்கே திருப்பி அனுப்பினேன். நீந்தக் கற்றுக்கொண்டதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதைப் பார்த்துவிட்டு நீ அன்று முழுக்கச் சாப்பிடவில்லை என்று மாமா பின்னால் சொன்னார். பையனுக்கு ரோஷம் இருக்கிறது, பிழைத்துக்கொள்வான் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் நீ என் பழைய டிக்‌ஷனரியைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டது எனக்கு நேற்று போல இருக்கிறது.

"ஏம்ப்பா, இதுல பாத்தேன். ஃபெய்த்ஃபுல்னா கடைசி வரைக்கும் கைவிடாதவன்னு போட்டிருக்கு. அஃபெக்‌ஷன்னா சும்மா பிரியம்தான். அப்பாவுக்குப் பெரிசைத்தானே போடணும்?"

"அர்த்தத்தைப் பாக்காதே. வழக்கத்தைப் பாரு. முனிசிபாலிட்டிக்கு எழுதினா ஃபெய்த்ஃபுலி, அப்பனுக்கு எழுதினா அஃபெக்‌ஷனேட்லி. மாத்திப் போட்டா பாக்கிறவங்க சிரிப்பாங்க."

"யாருப்பா சிரிப்பாங்க? நீங்க மட்டுந்தானே படிப்பீங்க?"

போய்ப் பத்துத் தடவை எழுதிக்கொண்டு வா என்றேன். எழுதிக்கொண்டு வந்தாய்.

இப்போது பென்ஷன்காரன். பொழுது போகாமல் அதே டிக்‌ஷனரியைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். நீ சொன்னது சரி. இரண்டு வார்த்தையும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லை. ஒன்று மனசில் தானாக ஊறுவது. பிள்ளை தடுமாறி நடந்தால் வருகிறது, தூங்கும்போது முகத்தைப் பார்த்தால் வருகிறது. அதற்காக நாம் ஒரு துரும்பையும் நகர்த்த வேண்டியதில்லை. மற்றது அப்படி இல்லை. கோபம் இருந்தாலும், அவமானம் இருந்தாலும், அவன் சொல்வது நமக்குப் பிடிக்காவிட்டாலும், விட்டுப் போகாமல் நிற்பது. தினம் தினம் செய்ய வேண்டிய வேலை. அவ்வளவு பெரிய வார்த்தையை இந்த ஆபீஸ்காரர்கள் எடுத்து, முகம் தெரியாத ஆளுக்கு, குழாய் ரிப்பேருக்கும் ரோட்டு விளக்குக்கும் எழுதுகிற கடிதத்தின் அடியில் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். நான் முப்பத்து மூன்று வருஷம் அதைத்தான் செய்தேன். ஒரு நாளைக்கு இருபது பேருக்கு விசுவாசமாக இருந்தேன், ஒருத்தன் முகமும் எனக்குத் தெரியாது. அந்த டிக்‌ஷனரியில் அஃபெக்‌ஷன் என்பதற்குக் கடைசி அர்த்தமாக ஏதோ வியாதி என்றும் போட்டிருக்கிறது. அதையும் நான் மறுக்க மாட்டேன்.

மதராஸ் குமாஸ்தா வேலை உனக்குக் கிடைப்பதற்காக எங்கள் ஆபீசர் முன்னால் நான் கைகட்டி நின்றது உனக்குத் தெரியும். ‘என் பையன் சார், என் பேரைக் கெடுக்க மாட்டான்’ என்று சொன்னேன். இரண்டு வருஷத்தில் நீ ராஜினாமா செய்துவிட்டு, நாக்பூரில் தண்ணீர்ப் பம்பு செய்கிற பட்டறையில் லேத்து வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக எழுதினாய். கையெல்லாம் எண்ணெய், ஆனால் ராத்திரி படுத்தால் உடனே தூக்கம் வருகிறது, சந்தோஷமாக இருக்கிறேன் அப்பா என்று எழுதியிருந்தாய். எனக்கு அந்த வரி கண்ணில் படவே இல்லை. ஆபீசர் முகம்தான் தெரிந்தது. வேறொருவனாக இருந்தால் ரயிலேறி வந்து வாசலில் நின்று நாலு திட்டுத் திட்டியிருப்பான். கையைக்கூட ஓங்கியிருப்பான். மறுநாள் சேர்ந்து சாப்பிட்டிருப்பீர்கள். குமாஸ்தாவின் கோபம் அப்படிப் போகாது. சாப்பாட்டு வேளையில் எல்லாரும் எழுந்து போனதும் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ‘மை டியர் சன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘சார்’ என்று அடித்தேன். தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தாங்கள் விரும்பியபடி நடக்கத் தங்களுக்கு உரிமை உண்டு. இது குறித்து இனி எந்தக் கடிதப் போக்குவரத்தும் ஏற்கப்படாது. அதற்குக் கீழே, அன்று உன் கடிதத்தில் சிவப்பு மையில் அடித்துத் திருத்திய அதே ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’. கார்பன் வைத்து அடித்தேன், தம்பி. பெற்ற மகனைத் தலைமுழுகியதற்கு ஓர் ஆபீஸ் காப்பி. அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

கோபத்தில் எழுதிய கடிதத்தை ஒரு நாளாவது தலையணைக்கு அடியில் வைத்திருந்து மறுநாள் படித்துப் பார்க்க வேண்டும். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும், அதனால் சொல்கிறேன். நான் அன்றைக்கு மூன்று மணித் தபாலிலேயே சேர்த்துவிட்டேன்.

எட்டாம் நாள் உன் பதில் ஆபீஸ் விலாசத்துக்கு வந்தது. ஐயா, தங்கள் கடிதம் கண்டேன், விஷயம் குறித்துக்கொள்ளப்பட்டது, யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி. இரண்டே வரி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, எவ்வளவு கச்சிதமாக எழுதியிருக்கிறான் என்பதுதான். எங்கள் செக்‌ஷனில் ஒருத்தனுக்கும் இப்படி எழுத வராது என்று நினைத்தேன். பஸ் காவேரிப் பாலத்தில் ஏறிய பிறகுதான் உறையை எடுத்து மறுபடி படித்தேன், ‘ஐயா’வைத் தாண்ட முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

"லெட்டர் வந்துச்சாங்க?"

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். சட்டைப்பையிலிருந்து உறை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"வந்துச்சு."

"இருங்க, கையைக் கழுவிட்டு வந்துடுறேன். படிங்க."

உன் கடிதத்தை எப்போதும் நான்தான் அவளுக்குத் தமிழில் படித்துச் சொல்வேன். அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது, உனக்குத் தெரிந்ததுதானே. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். அந்த இரண்டு வரியை நான் பத்து நிமிஷம் படித்தேன். புது வேலை பிடித்திருக்கிறது, சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, அம்மா உன் முட்டி வலி எப்படி இருக்கிறது. அவள் கேட்டுவிட்டு, "கண்ணு வேலை மாத்திக்கிட்டானா? நல்லா இருந்தா சரி" என்று எழுந்து போனாள். எனக்குக் கிடைக்காத வார்த்தை அவளுக்கு ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் ஆபீசிலிருந்து ஏதாவது ஓர் இங்கிலீஷ் காகிதத்தை எடுத்து வருவேன். சைக்கிள் ஷெட்டுக்கு ஓடு மாற்றுவது பற்றிய சர்க்குலரில்தான் நீ முதல் தீபாவளிக்கு வர முடியவில்லை என்று வருத்தப்பட்டாய். பேப்பரில் நாக்பூர் வெயில் எத்தனை டிகிரி, மழை எத்தனை அங்குலம் என்று பார்த்து வைத்துக்கொள்வேன், பொய்யிலும் கணக்குச் சரியாக இருக்க வேண்டுமே. ஒரு நாள் அவள், "எப்பவும் நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னே எழுதுறானே, எதையோ மறைக்கிறான்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவளை நம்ப வைப்பதற்காக அடுத்த கடிதத்தில் உனக்கு மஞ்சள்காமாலை வரவழைத்தேன். அதற்கடுத்த கடிதத்திலேயே குணமாக்கியும் விட்டேன். ஆனால் அதற்குள் அவள் சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டுவிட்டாள். அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து சமயபுரம் வரைக்கும் நடந்தாள். நானும் கூட நடந்தேன். இல்லாத காமாலைக்காக அவள் ஆத்தா சந்நிதியில் விழுந்து கும்பிட்டபோது நான் பக்கத்தில் அர்ச்சனைத் தட்டோடு நின்றேன். எனக்குக் கண்ணை மூடக்கூடத் தைரியம் வரவில்லை.

போன ஆடியில் ரிடையர் ஆனேன். இனி ஆபீஸ் விலாசம் கிடையாது, கடிதம் வீட்டுக்குத்தான் வர வேண்டும். அவள் வாசலில் நின்று தபால்காரரைக் கேட்க ஆரம்பித்தாள். வேறு வழி தெரியாமல் நானே உட்கார்ந்து, நீ எழுதுவது போல எனக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதி, திருச்சிக்குப் போய்ப் பெரிய தபாலாபீஸில் போட்டுவிட்டு வந்தேன். வெற்றுக் காகிதத்தைப் போட்டிருந்தாலும் அவளுக்குத் தெரியாது. எனக்கு மனசு வரவில்லை. முறையாக எழுதி, கீழே ‘யுவர்ஸ் அஃபெக்‌ஷனேட்லி’ என்று போட்டு, உன் கையெழுத்தையும் போட்டேன். மறுநாள் தபால்காரர் கொடுத்ததை அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். ஒரு மகன் அப்பாவுக்கு எழுத வேண்டிய வார்த்தையை நானே எனக்கு எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, நானே பிரித்துப் படித்தேன். இந்த வயசில் இப்படி ஒரு பிழைப்பு.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயைத் திறந்தேன். போன மாதம் அவள் மண்ணச்சநல்லூர் அரிசியை முறத்தில் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இங்க பாரு, தம்பியைப் பத்தி ஒரு விஷயம்..."

"நானும் அதைத்தாங்க நெனச்சிட்டிருந்தேன். லெட்டரு மட்டும் இல்லேன்னா நான் என்னைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேங்க. நீங்க படிக்கிறப்ப அவனே பேசுற மாதிரி இருக்கு." முறத்தைத் தட்டினாள். "என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்லே" என்று எழுந்து வந்துவிட்டேன். மறு வாரம் டீச்சரம்மாவிடம் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். உன் விலாசத்தைக் கேட்டாள், எழுதிக் கொடுத்தேன். நீ இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறாய் என்று அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் லீவில் வந்தபோது சொல்லியிருந்தார். நீ மெலிந்துவிட்டாயா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஆகவே நீ தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன், அவள் வந்ததும் தடுமாறாதே. நீ மாடியில் ஒற்றை அறையில் குடியிருக்கிறாய், ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம். கீழ்வீட்டு மராட்டி அம்மா உனக்குச் சோள ரொட்டி தருகிறார், அவருக்குக் கொடுப்பதற்காக அம்மா ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறாள். அப்படி ஒருவர் இல்லையென்றால், ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடு. நீ சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டாய், ரசம் மட்டும் சரியாக வரவில்லை. காமாலை வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரையில். போன வருஷம் உனக்கு மேஸ்திரியாக வேலை உயர்வு கொடுத்தேன். ஒவ்வொரு வருஷமும் லீவு கேட்டாய், முதலாளி கொடுக்கவில்லை. அந்த முதலாளியை அம்மா தினமும் சபிக்கிறாள், பாவம் அவர் யாரோ. கல்யாணப் பேச்சு வந்தால் இப்போது வேண்டாம் என்று நீ நான்கு முறை எழுதியிருக்கிறாய். ஒருவேளை உனக்குக் கல்யாணமே ஆகியிருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதை நான் யோசித்துப் பார்த்தேன், யோசிக்க முடியவில்லை.

இதுவரை எழுதியது நேற்று. மடித்து உறையில் வைத்து, ஒட்டாமல் விட்டிருந்தேன். இன்று காலை அம்மா டிரங்குப் பெட்டியில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தாள். நார்த்தங்காய் ஜாடியை வேட்டியில் சுற்றிக் கொடுத்தேன். கடைசியாக ஒரு தடவை தடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

"முட்டி வலியோட இவ்வளவு தூரம் போகணுமா? அவன்தான் ஒழுங்கா லெட்டர் போடுறானே. எல்லாம் தெரியுதே."

அவள் பெட்டியை மூடிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"எல்லாம் எழுதுறான்தாங்க. என் முட்டியைக் கேக்குறான், மருந்து தடவினேனான்னு கேக்குறான், டீச்சரம்மாவைக்கூட விசாரிக்கிறான். நாலு வருஷத்துல உங்களை ஒரு வார்த்தை கேக்கலையே. அப்பா எப்படி இருக்காருன்னு ஒரு தடவை? இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு நானும் ஒவ்வொரு லெட்டர்லயும் காது கொடுத்துப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்களும் படிச்சிட்டு மூஞ்சி சுண்டிப் போயிடுறீங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னமோ இருக்கு. நீங்களும் சொல்ல மாட்டீங்க, அவனும் எழுத மாட்டான். எனக்கு அவனைப் பாக்கணும்னு மட்டும் இல்லைங்க. உங்களுக்காகத்தான் போறேன். அப்பாவுக்கு ஒரு லெட்டரு போடுடான்னு கையைப் புடிச்சுக் கேட்டுட்டு வரேன்."

அவள் சொன்னது உண்மை. உனக்கு வேப்பமரம் வைத்தேன், காமாலை வரவழைத்தேன், உத்தியோகத்தில் உயர்த்தினேன். ஆனால் நீ என்னை விசாரித்ததாக ஒரு வரி, ஒரே ஒரு வரி, என்னால் எழுத முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த இடம் வந்ததும் நாக்கு நின்றுவிடும். அதை அவள் இத்தனை நாளும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள்.

மேலே எழுதியதை எல்லாம் நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம், தம்பி. வேப்பமரம் இல்லையென்றால் இல்லை என்று சொல். உனக்கு நான் செய்ததையும் சொல், அவளுக்கு நான் செய்ததையும் சொல். என்னால் முடியவில்லை. கேட்டுவிட்டு அவள் என்னிடம் திரும்பி வருவாளா, வந்தாலும் பேசுவாளா, எனக்குத் தெரியாது. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. எனக்குக் கடிதம் போடும்படி அவள் உன் கையைப் பிடித்துக் கேட்பாள். போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்கு மட்டும் போய்விடு. வண்டி முன்னால் வந்தாலும் வரும், சீக்கிரமே போய் நில். அவளுக்கு அந்த ஊர்ப் பாஷை ஒரு வார்த்தைகூடத் தெரியாது.